நான்கு மூலை மஞ்சள்

பெட்டியின் ஒரு சக்கரம் போய்விட்டதால் அதைச் சாய்த்துப் பிடித்து இழுத்துக்கொண்டு பிரிக்பீல்ட்ஸ் தெருவில் நடந்துகொண்டிருந்தேன். விமான நிலையத்தில் கட்டிய வெள்ளைச் சீட்டு கைப்பிடியில் இன்னும் தொங்கியது. அதைப் பிய்த்துப் போடக்கூடத் தோன்றவில்லை. மதியம் மூன்று மணி வெயில். எனக்குப் பின்னால், நான் விட்டு வந்த வீட்டின் மாடியில், நான்கு வருஷம் நான் படுத்த கட்டில் வேறொருவருடையதாகி இருந்தது. மெத்தையும் தலையணையும் என்னுடையவை. இரண்டையும் நான்தான் கொடுத்துவிட்டுப் போனேன்.

அந்த வீட்டில் அறை வாடகைக்குக் கிடையாது, கட்டில்தான். ஓர் அறைக்கு நான்கு கட்டில். அங்கே ஒரு வழக்கம் இருந்தது. வெளிநாட்டு வேலைக்குப் போகிறவன் சாமான்களை விற்கக் கூடாது, பத்திரமாக வைத்துவிட்டுப் போகவும் கூடாது. கூட இருக்கிறவர்களுக்குக் கொடுத்துவிட வேண்டும். வைத்துவிட்டுப் போனால் சாமான் ஆளைத் திரும்ப இழுத்துவிடும் என்பார்கள். யார் ஆரம்பித்தார்கள் என்று தெரியாது. என்னுடைய ரைஸ் குக்கரே அப்படி இரண்டு பேர் கைமாறி என்னிடம் வந்ததுதான். செவ்வாய்க்கிழமை காலை குக்கர், மின்விசிறி, மெத்தை எல்லாவற்றையும் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். வியாழக்கிழமை மதியம் அதே கதவு முன்னால் நின்றேன்.

வீட்டுக்காரர் யாழ்ப்பாண வழி வந்தவர், அரசாங்க உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். கதவுச் சங்கிலியை எடுக்காமலே என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தம்பி, நீர் ரெண்டு வருஷத்துக்கு வரமாட்டீர் எண்டெல்லோ சொன்னீர்?"

"திருப்பி அனுப்பிட்டாங்க அங்கிள்."

"ஆர்?"

"அங்க ஏர்போர்ட்ல."

அவர் சங்கிலியை எடுத்தார், ஆனால் கதவை முழுக்கத் திறக்கவில்லை. "கட்டிலுக்கு நேற்றே ஆள் வந்திட்டுது. நான் என்ன செய்யிறது, சொல்லும்."

பின்னால் படியில் என் கட்டிலுக்கு வந்தவர் நின்றிருந்தார். செராஸ் பக்கம் ஏதோ கடையில் வேலையாம். விஷயம் காதில் விழுந்திருக்க வேண்டும். "அண்ணே, மெத்தை உங்களுதுதானே? வேணும்னா எடுத்துக்குங்க லா. நான் பாய்ல படுத்துக்குவேன்," என்றார்.

நல்ல மனுஷன். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மெத்தையைத் தூக்கிக்கொண்டு போய் எங்கே விரிப்பது?

மீதி இருந்தது ஒரே இடம். கிள்ளானில் அக்கா வீடு. நான்காவது மாடி, இரண்டு அறை, லிப்ட் பாதி நாள் ஓடாது. அக்கா, அத்தான், இரண்டு பெண் பிள்ளைகள். மூத்தவளுக்கு இந்த வருஷம் பெரிய பரீட்சை. ஹாலில் உட்கார்ந்துதான் படிப்பாள். பிரிக்பீல்ட்ஸ் கட்டில் கிடைப்பதற்கு முன்னால் நான் அந்த ஹாலில் ஏழு வாரம் படுத்திருந்தேன். கிளம்பும்போது அத்தான் கோபப்படாமல் சொன்னார்: "மச்சான், நீயா வேலையை விட்டுட்டு வந்து நின்னா, இனிமே இந்த வீட்டுல இடம் இல்ல. துரத்தி விட்டாங்கன்னா வா. நீயா விட்டுட்டு வராதே."

அவர் அப்படிச் சொன்னதில் தப்பு இல்லை. நான் அப்படிப்பட்டவன்தான். இரண்டாம் படிவத்தோடு, பதினாலு வயசில், பள்ளிக்கூடம் முடிந்தது. அதற்குப் பிறகு கார் கழுவினேன், சுபாங் ஜெயாவில் ஒரு அடுக்குமாடிக்குக் காவல் இருந்தேன், லோரியில் மூட்டை ஏற்றினேன், கல்யாண மண்டபத்தில் நாற்காலி அடுக்கினேன். எந்த இடமும் மோசமில்லை. மூன்று மாதம், நான்கு மாதம் ஆனால் ஒரு நாள் காலையில் எழுந்து வேறு பக்கம் நடந்துவிடுவேன்.

இந்தத் தடவை நான் விட்டுவிட்டு வரவில்லை. துரத்தி விட்டார்கள். அதை அத்தான் நம்பினால் இன்று ராத்திரி படுக்க இடம் உண்டு. ஆனால் நம்ப வைக்க வேண்டுமென்றால் எப்படி மாட்டினேன் என்று சொல்ல வேண்டும். அதை மட்டும் அக்கா காதில் விழும்படி சொல்ல முடியாது. கொமுட்டர் ரயிலில் கிள்ளான் வரைக்கும் இதையேதான் திருப்பித் திருப்பி யோசித்துக்கொண்டு போனேன்.

நடந்தது இதுதான்.

தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு கிடங்கில் சுமை தூக்கிக்கொண்டிருந்தபோது அங்கேயே பக்கத்தில் சுமையைத் தூக்கி அடுக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டப் பயிற்சி கொடுக்கும் இடத்துக்கு ஆள் எடுத்தார்கள். சேர்ந்தேன். ஓட்டுவது எனக்குக் கஷ்டமாக இல்லை. எழுத்துப் பரீட்சைதான் கஷ்டம். மலாய் பேசுவேன், வாசிக்க நேரம் பிடிக்கும். முதல் தடவை தோற்றேன். பயிற்சி கொடுத்தவர் எல்லாரையும் பாஸ் என்றுதான் கூப்பிடுவார். "பாஸ், கேள்வியை ரெண்டு தரம் படிங்க, வண்டியை ஒரு தரம் ஓட்டுங்க. நீங்க தலைகீழா செய்றீங்க," என்றார். சுமை உயரமாக இருந்து முன்பக்கம் தெரியாவிட்டால் வண்டியைப் பின்பக்கமாகவே ஓட்ட வேண்டும், கழுத்தைத் திருப்பிக்கொண்டு. அது எனக்கு நன்றாக வந்தது. இரண்டாம் தடவை தேறினேன். என் பெயர் அச்சடித்த சர்ட்டிபிகேட் ஒன்று வாழ்க்கையில் முதல் முதலாகக் கைக்கு வந்தது.

அந்தச் சமயத்தில்தான் கிடங்கில் முன்பு என்னோடு வேலை செய்தவன் ஆஸ்திரேலியாவில் இருந்து கூப்பிட்டான். காய்கறிப் பண்ணை, பெட்டி அடுக்கும் கொட்டகை, ஃபோர்க்லிஃப்ட்டுக்கு ஆள் வேண்டும். சுற்றுலா விசாவில் வா, வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். இங்கிருந்து எத்தனையோ பேர் அப்படிப் போகிறார்கள். அது சட்டத்துக்கு விரோதம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. மோட்டார் சைக்கிளை விற்று டிக்கெட் எடுத்தேன்.

"நீ டூரிஸ்ட்டு, ஞாபகம் வெச்சுக்க," என்று போனில் பாடம் நடத்தினான். "பூட்ஸ் கொண்டு வராதே. கையுறை கொண்டு வராதே. பேப்பர் ஒண்ணும் கொண்டு வராதே. நல்ல சட்டை நாலு, ஒரு தொப்பி. கேட்டா கடல் பாக்க வந்தேன்னு சொல்லு."

எல்லாவற்றையும் கேட்டேன், ஒன்றைத் தவிர. சர்ட்டிபிகேட்டை எங்கே வைத்துவிட்டுப் போவது? எனக்கென்று இருந்தது ஒரு கட்டில். அதுவும் செவ்வாய்க்கிழமையில் இருந்து என்னுடையது இல்லை. கிளம்புவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை அக்கா வீட்டில் விடலாம் என்று எடுத்துப் போனேன். அக்கா அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்து, மஞ்சளைக் குழைத்து நான்கு மூலையிலும் தொட்டு, நடுவில் குங்குமம் வைத்தாள். புதுக் கணக்குப் புத்தகத்துக்கு வைப்பதுபோல, கல்யாணப் பத்திரிகைக்கு வைப்பதுபோல. "இத இங்க வெச்சிட்டுப் போனா என்னடா அர்த்தம்? உன் கூடவே இருக்கட்டும்," என்று என் கையில் கொடுத்தாள். மேல் மாடி கீழ் மாடி அத்தனை வீட்டுக்கும் கேசரி கொடுத்தாள். அவளிடம் வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை. பிளாஸ்டிக் உறையில் போட்டு இரண்டு சட்டைக்கு நடுவில் வைத்துக்கொண்டேன்.

பெர்த்தில் இறங்கியதும் பாஸ்போர்ட்டில் ஒரு தொல்லையும் இல்லை. கடல் பார்க்க வந்தேன் என்றேன், விட்டுவிட்டார்கள். பெட்டியைச் சோதிக்கும் இடத்தில்தான் நிறுத்தினார்கள். அங்கே அவர்கள் தேடுவது வேறு. விதை, மண், இலை, சாப்பாட்டுப் பொருள். அந்த அதிகாரி ஒரு பெண்மணி, வெள்ளைக் கையுறை போட்டிருந்தார். சட்டைகளை மரியாதையாகவே எடுத்து வைத்தார். உறையைத் தூக்கினார். உள்ளே காய்ந்த மஞ்சள் உதிர்ந்து அடியில் தூளாகக் கிடந்தது. வெளியே எடுத்து ஒரு மூலையை விரலால் தேய்த்தார். கையுறை மஞ்சளாகிவிட்டது. முகர்ந்து பார்த்தார். ஈரத் துணி மாதிரி ஒன்றால் அந்த மூலையைத் துடைத்து எடுத்து எங்கோ அனுப்பினார்.

என் ஆங்கிலம் போதவில்லை. போனில் ஒரு மொழிபெயர்ப்பாளரைப் பிடித்துக் கொடுத்தார்கள். தமிழ்க் குரல், எந்த ஊர்க்காரர் என்று தெரியவில்லை.

"ஐயா, அந்தக் காகிதத்துல மஞ்சளா இருக்கிறது என்ன பொருள்னு கேக்கறாங்க."

"மஞ்சள்தாங்க. அக்கா வெச்சது."

"எதுக்கு வெச்சாங்கன்னு கேக்கறாங்க."

"நல்லது நடக்கணும்னு."

அவர் அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னார்.

மஞ்சளில் குற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் அதற்குள் அந்தப் பெண்மணி காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் படித்துவிட்டார். கீழ்ப் பாதி ஆங்கிலத்தில் இருந்தது.

"ஐயா, கடல் பார்க்க வர்றவருக்கு ஃபோர்க்லிஃப்ட் சர்ட்டிபிகேட் எதுக்குன்னு கேக்கறாங்க."

ஏதாவது சொல்லியிருக்கலாம். வீடு இல்லை, வைக்க இடம் இல்லை, அதனால் கொண்டு வந்தேன் என்று உண்மையையே சொல்லியிருக்கலாம். அந்த இடத்தில் பேசாமல் நின்றதே அவர்கள் சந்தேகப்படப் போதுமாக இருந்தது. பிறகு என் போனைப் பார்த்தார்கள். என்னைக் கூப்பிட்டவன் அனுப்பிய செய்திகள் எல்லாம் இருந்தன. விசா ரத்து. இரண்டு ராத்திரி ஒரு அறையில் வைத்திருந்தார்கள். சோறு கொடுத்தார்கள், போர்வை கொடுத்தார்கள், யாரும் கை வைக்கவில்லை. வியாழக்கிழமை காலை விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். வெளியே இருந்த வெயிலைக் கண்ணாடி வழியாகப் பார்த்ததோடு சரி. கடலைப் பார்க்கவில்லை.

கிள்ளானில் அக்கா வீட்டுப் படி ஏறும்போது லிப்ட் வேலை செய்யவில்லை. மூன்றாவது மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த ஆன்டி என்னையும் பெட்டியையும் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டார்.

"தம்பி, இப்பதானே உங்க அக்கா கேசரி குடுத்தாங்க? அதுக்குள்ள லீவா?"

"ஆமா ஆன்டி, லீவு," என்று சொல்லிவிட்டு ஏறினேன்.

அத்தான் வேலை முடிந்து வந்து, சட்டையைக் கழற்றிவிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கை தட்டிலேயே நின்றது.

"வாங்க, ஆஸ்திரேலியா மாப்ள! என்ன, கங்காரு ஒத்துக்கலையா?"

அக்கா சமையலறையில் இருந்து ஓடி வந்தாள். "டேய், என்னடா ஆச்சு? உடம்புக்கு ஏதும் முடியலையா?"

"ஏர்போர்ட்லயே அனுப்பிட்டாங்கக்கா."

"ஏன் அனுப்பணும்?" என்றார் அத்தான். "அந்தப் பையன் அங்கதானே இருக்கான்? அவன் போறப்ப அனுப்பலையே. கூடப் போன ஆயிரம் பேரு உள்ள போறான். உன்ன மட்டும் என்னத்தக் கண்டு அனுப்புனான்?"

அந்தக் கேள்விக்குத்தான் நான் பயந்துகொண்டிருந்தேன். அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பெண் பிள்ளைகள் புத்தகத்தை மூடிவிட்டார்கள். சொல்ல வாயைத் திறந்தேன். மஞ்சள் என்ற வார்த்தை நாக்கு வரைக்கும் வந்தது. அதைச் சொன்னால் அத்தான் நம்பிவிடுவார். இப்படி ஒன்றை யாரும் கற்பனை செய்து சொல்ல மாட்டார்கள். எனக்கு அந்த ஹாலில் ஒரு மூலை கிடைத்துவிடும். அக்காவுக்கு என்ன கிடைக்கும்?

"இங்கிலீஷ்ல கேட்டாங்க. சரியா பதில் சொல்லத் தெரியல," என்றேன்.

"வண்டி ஓட்டத் தெரியும், வாய ஓட்டத் தெரியாது." அத்தான் கையை உதறிவிட்டு எழுந்தார். "மச்சான், நான் ஒண்ணு கேக்கறேன், சிரிக்க மாட்டேன். உண்மையிலேயே விமானம் ஏறுனியா? இல்ல கடைசி நேரத்துல வழக்கம்போலக் கால் வேற பக்கம் போயிருச்சா?"

"ஏறுனேன் அத்தான். சீட்டு பாருங்க." கைப்பிடியில் தொங்கியதைக் காட்டினேன்.

அவர் குனிந்து பார்த்தார். "சரி. ஏறியிருக்க. அங்க போயி, புடிக்கலன்னு அடுத்த விமானத்துல ஏறிட்ட."

"அவனப் போயி..." என்று அக்கா ஆரம்பித்தாள்.

"நான் போடான்னு சொல்லல. இன்னைக்குப் படுக்கட்டும். நாளைக்கு அவன் ஒரு இடம் பாத்துக்கணும். பிள்ளைக்குப் பரீட்சை வருது. நான் முன்னாடியே சொன்ன பேச்சுதான் இது."

நான் தலையை ஆட்டினேன். வேறு என்ன செய்ய?

அக்கா துவைக்கிறேன் என்று சொல்லி என் பெட்டியைத் திறந்துவிட்டாள். தடுப்பதற்குள் உறை அவள் கையில் இருந்தது. வெளியே எடுத்தாள். புரட்டினாள்.

"நாலு மூலையிலயும் வெச்சேனே. ஒரு மூலையில போயிருக்கே?"

"வேர்வை பட்டு அழிஞ்சிருக்கும்."

"பிளாஸ்டிக்குக்குள்ள எப்படிடா வேர்வை படும்?"

நான் சட்டைகளை எடுத்து வாளியில் போடுவதுபோல நின்றேன். அதிகாரி துடைத்த மூலையை அவள் கட்டை விரலால் தடவினாள். அங்கே காகிதம் கொஞ்சம் சொரசொரப்பாகிப் போயிருந்தது. "அதான், அழிஞ்சிருச்சு. அழிஞ்சதனாலதான் இப்படி ஆகியிருக்கு," என்றாள், தனக்கே சொல்வதுபோல. போய்ச் சாமி அலமாரியில் இருந்து கிண்ணத்தை எடுத்து வந்து, அந்த மூலையில் புதிதாக மஞ்சள் வைத்தாள். காயட்டும் என்று ஊதினாள். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். என் வாழ்க்கையில் எத்தனையோ இடத்தில் பட்டினி கிடந்திருக்கிறேன், பேருந்து நிலையத்தில் படுத்திருக்கிறேன். அப்போதெல்லாம் வராத அழுகை அப்போது வந்தது. முகம் கழுவப் போய்விட்டேன்.

காலை ஆறரைக்கு அத்தான் வேலைக்குக் கிளம்புவதற்கு முன்பே நான் இறங்கிவிட்டேன். பெட்டி வேண்டாம், ஒரு பையில் இரண்டு சட்டையும் கைலியும் போதும் என்று எடுத்துக்கொண்டேன். கிடங்கில் கேட்கலாம்தான். ஆனால் நான் விட்ட இடத்துக்கு ஆள் வந்தாகிவிட்டது என்று முதல் நாள் ரயிலில் இருந்தே போன் செய்து தெரிந்துகொண்டிருந்தேன். வேறு கம்பெனிகளுக்கு விண்ணப்பம் போட்டால் பதில் வர வாரக்கணக்காகும். எனக்கு அன்று ராத்திரிக்கு இடம் வேண்டும். தங்க இடத்தோடு வேலை கொடுக்கிறவர்கள் சாப்பாட்டுக் கடைக்காரர்கள்தான்.

கிள்ளான் கடைத்தெருவில் இரண்டு கடையில் லோக்கல் ஆள் வேண்டாம் என்றார்கள். மூன்றாவது கடை இருபத்து நாலு மணி நேரமும் திறந்திருக்கும் வாழை இலைச் சாப்பாட்டுக் கடை. முதலாளி கல்லாவுக்குப் பின்னால் இருந்து என்னை நிமிர்ந்து பார்க்காமலே கேட்டார்.

"லோக்கலா?"

"ஆமா பாஸ்."

"லோக்கல் மூணு நாள் நிக்க மாட்டான்."

"தங்க இடம் குடுத்தீங்கன்னா நிப்பேன் பாஸ்."

அப்போதுதான் நிமிர்ந்தார். "மேல ரூம் இருக்கு. எல்லாம் தமிழ்நாட்டுப் பசங்க. லோக்கல் யாரும் அங்க படுத்ததில்ல. உனக்குத் தனியா கட்டில் கிடையாது. ராத்திரி வேலை பாக்கறவன் கட்டில்ல நீ ராத்திரி படுத்துக்கணும், பகல்ல அவன் படுப்பான். சரிப்படுமா?"

"சரிப்படும்."

"முன்ன என்ன வேலை?"

"ஃபோர்க்லிஃப்ட்."

"இங்க தூக்கறதுக்கு அண்டாதான் இருக்கு. பின்னால போ."

பின்கட்டில் வாழை இலைக் கட்டுகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. நீளமான இலைகள், அப்போதுதான் லோரியில் வந்து இறங்கியவை. தரையில் உட்கார்ந்து நறுக்கிக்கொண்டிருந்த ஒருவர் நகர்ந்து இடம் விட்டார். நரம்பை எப்படிச் சீவ வேண்டும், எந்தப் பக்கம் துடைக்க வேண்டும், கிழிந்ததை எங்கே போட வேண்டும் என்று காட்டினார்.

"அண்ணனுக்கு எந்த ஊரு?"

"இதே ஊருதான்."

அவர் கத்தியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "இதே ஊருன்னா வீடு?"

"மேல," என்று மாடியைக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டார். மேற்கொண்டு கேட்கவில்லை. ஈரத் துணியை என் பக்கம் தள்ளினார். பதினொரு மணிக்கு மதியச் சாப்பாட்டுக்குக் கூட்டம் வந்துவிடும், அதற்குள் அந்தக் கட்டு முழுவதும் துடைத்து அடுக்கியாக வேண்டும் என்றார். பையில் இருந்த கைலியை எடுத்து மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து முதல் கட்டை அவிழ்த்தேன்.